கோட் சர்வருக்கு என்ன பெயர் வைக்கலாம்?

கேள்வி: மாணவர்களும் ஆசிரியர்களும் எழுதும் புரோகிராம்களைப் பொதுவில் வைக்க, எங்கள் கல்லூரியில் கிட்லேப் மென்பொருளைக் கொண்டு ஒரு சர்வர் தொடங்குகிறோம். முகவரி 'கிட்லேப்' என்று தொடங்கட்டும் என்கிறார் சிஸ்டம் அட்மின். மாணவர்களுக்கோ 'வைகை' என்று வைக்க ஆசை. எது நல்லது? மாணவர்களின் சொந்த வலைப்பக்கங்களையும் அதே முகவரியில் வைக்கலாமா?
- கல்லூரி ஆசிரியர், மதுரை

பதில்: வெளியே தெரியும் பெயராக இரண்டுமே வேண்டாம். கல்லூரி டொமைனுக்கு முன்னால் 'கோட்' அல்லது 'கிட்' என்று வையுங்கள்.

சாதாரண வலைத்தளத்தின் முகவரி மாறினால் ஜனங்கள் தேடிக் கண்டுபிடித்துவிடுவார்கள். கோட் சர்வரின் முகவரி அப்படியில்லை, அது அடுத்தவர்களின் ஃபைல்களுக்குள் போய் உட்கார்ந்துவிடும். ஒருவர் குளோன் செய்தாலே அவருடைய கான்ஃபிக் ஃபைலில் பதிந்துவிடும். சப்மாட்யூலாகச் சேர்த்தால் கமிட்டுக்குள்ளேயே போய்விடும். பழைய கமிட்டை யாரும் திருத்த முடியாது. கோ மொழியில் எழுதுபவர்கள் இம்போர்ட் வரியிலேயே ஹோஸ்ட் பெயரை எழுதுகிறார்கள். 2016 ஜனவரியில் கூகுள் கோட் மூடப்பட்டபோது, அந்த முகவரியை இம்போர்ட் செய்திருந்த புரோகிராம்களையெல்லாம் அவரவர் திறந்து திருத்த வேண்டியிருந்தது.

டெபியன் திட்டத்தின் அனுபவம் உங்களுக்கு உதவும். அவர்களுடைய பழைய சர்வர் 'அலியோத்', ஒரு நட்சத்திரத்தின் பெயர். 2018-இல் அதை நிறுத்திவிட்டு, கிட்லேபில் ஓடும் 'சால்சா'வுக்கு மாறினார்கள். பேக்கேஜ்களில் பலவும் அலியோத்தைக் குறிப்பிடாமல், வேலையைச் சொல்லும் 'அனான்எஸ்சிஎம்' என்ற பொதுப்பெயரையே குறிப்பிட்டிருந்தன. அந்த ஒரு பெயருக்கு வருபவர்களைச் சால்சாவுக்குத் திருப்பிவிட முடிந்தது.

குனோம் திட்டம் 'கிட்லேப்' என்றே முகவரி வைத்திருக்கிறது, இன்றுவரை சிக்கலில்லை. ஆனால் நாளைக்கு நீங்கள் ஃபோர்ஜேயோ போன்ற வேறொரு மென்பொருளுக்கு மாறினால், கிட்லேப் இல்லாத சர்வருக்கு அந்தப் பெயரைக் காலமெல்லாம் சுமக்க வேண்டும்.

'வைகை'யைப் போனில் சொல்லிப் பாருங்கள். நடுவில் வருவது ஜி-யா, கே-யா என்று எதிர்முனையில் கேட்பார்கள். இருந்தாலும் மாணவர்களின் ஆசையைத் தள்ள வேண்டியதில்லை. மெஷினுக்கு 'வைகை' என்றே பெயர் சூட்டுங்கள். டிஎன்எஸ்-இல் 'கோட்' என்ற பெயரை ஒரு சிநேம் பதிவால் அதற்குத் திருப்பிவிடுங்கள். மெஷின் மாறும்போது பதிவை மட்டும் மாற்றினால் போதும். எஸ்எஸ்எச் ஹோஸ்ட் கீயையும் மறக்காமல் புதிய மெஷினுக்குக் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் எல்லோருக்கும் பயமுறுத்தும் எச்சரிக்கை வரும்.

மாணவர் பக்கங்களை அதே முகவரியில் வைக்கவே வைக்காதீர்கள். ஒரு பக்கத்திலுள்ள ஜாவாஸ்கிரிப்ட், மேல் டொமைனுக்கு குக்கி போட்டு மற்றவர்களின் லாகினில் விளையாட முடியும். கிட்ஹப் 2013-இல் பயனர் பக்கங்களைத் தன் முதன்மை டொமைனிலிருந்து பிரித்து 'கிட்ஹப்.ஐஓ'வுக்கு மாற்றியது இந்த ஆபத்தால்தான். கல்லூரி டொமைனின் கீழே இன்னொரு பெயர் கொடுத்தாலும் குக்கி ஆபத்து தீராது. தனி டொமைன் ஒன்றை வாங்கிவிடுங்கள், வருடச் செலவு சில நூறு ரூபாயிலிருந்து ஓரிரு ஆயிரத்துக்குள் முடியும்.