மணலில் திணறும் மோட்டார்

சிதம்பரம்

அன்புள்ள மருமகளே,

சில்வர் பீச் மணலில் உன் ரிமோட் கார் கொஞ்ச தூரம் ஓடியதும் நின்றுவிடுகிறது, மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் இ.எஸ்.சி. கை வைக்க முடியாதபடி சுடுகிறது என்று எழுதியிருந்தாய். பாதி திராட்டிலைத் தாண்டவே இல்லையே, பிறகு ஏன் சுட வேண்டும் என்பது உன் கேள்வி. நல்ல கேள்வி.

மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் செய்துவந்த வேலையை டிரான்சிஸ்டர்களிடம் ஒப்படைக்கலாம் என்று 1962-இல் வில்சன், டிரிக்கி என்ற இருவர் எழுதிக் காட்டினார்கள். உன் இ.எஸ்.சி.யும் அதைத்தான் செய்கிறது. மூன்று ஒயர்களுக்கும் முறை மாற்றி மின்சாரம் கொடுத்துக் காந்தத்தைச் சுழற்றுகிறது. பேட்டரி வோல்டேஜில் எத்தனை பங்கு மோட்டாருக்குப் போகலாம் என்பதை மட்டும்தான் உன் விரல் சொல்கிறது. எத்தனை ஆம்பியர் என்பதைத் தரைதான் முடிவு செய்கிறது.

சுழலும் மோட்டார் ஒரு டைனமோவாகவும் இருக்கிறது. வேகத்துக்கு ஏற்ற எதிர் வோல்டேஜ் அதில் பிறக்கிறது. கொடுத்த வோல்டேஜில் இது போக மிஞ்சுவதுதான் ஆம்பியரைத் தள்ளும். கணக்குப் போட்டுப் பார். 7.4 வோல்ட் பேட்டரி, முழுத் திராட்டில், பேட்டரியிலிருந்து சுற்றுக் கம்பி வரை மொத்த மின்தடை 0.03 ஓம் என்று வைத்துக்கொள். அண்ணாமலை நகர் தார் ரோட்டில் மோட்டாரின் வேகம், சுமையே இல்லாதபோது சுழலும் வேகத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மிஞ்சுவது 0.74 வோல்ட், ஏறக்குறைய 25 ஆம்பியர். மணலில் பத்தில் நான்கு பங்கு குறைந்தால் 100 ஆம்பியருக்குப் பக்கத்தில் போகும். ஆம்பியர் நான்கு மடங்கானால் சூடு பதினாறு மடங்கு.

இனி உன் பாதி திராட்டில். வயலில் மருந்து தெளிக்கும் டிரோனின் விசிறியை மெதுவாகச் சுற்றினால் காற்றின் எதிர்ப்பும் சட்டென்று குறைந்துவிடும். மணல் அப்படி விடாது. மெதுவாகப் போனாலும் அதே இழுவைதான், ஆகவே மோட்டாருக்குள் ஏறத்தாழ அதே ஆம்பியர்தான். அதோடு, பாதி திராட்டில் என்றால் இ.எஸ்.சி. வினாடிக்குப் பல ஆயிரம் முறை மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுக்கிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சூடாக வீணாகிறது. விட்ட நேரத்திலும் மோட்டாரின் மின்னோட்டம் இ.எஸ்.சி. வழியாகவே சுற்றி வருகிறது. டிரோன்காரர்கள் சொல்லும் ஆம்பியர் கணக்கை நம்பி உன் காருக்கு இ.எஸ்.சி. வாங்காதே.

சென்சார் இல்லாத மோட்டார், சக்கரம் புதைந்து நிற்கும்போது உதறும். சுழலாத காந்தம் எங்கே நிற்கிறது என்று இ.எஸ்.சி.க்குத் தெரியாது. அப்போது விசையை அழுத்திக்கொண்டே இருக்காதே, காரைத் தூக்கி வெளியே வை. சூடே இல்லாமல் நின்றுபோனால் வேறு காரணம்: சுமையில் பேட்டரி வோல்டேஜ் தாழ்ந்து, காப்பு நிறுத்தம் விழுந்திருக்கும்.

பெரிய இ.எஸ்.சி. வேண்டும் என்று அம்மாவிடம் கேட்கும் முன் மோட்டார் அச்சில் இருக்கும் சிறிய பல்சக்கரமான பினியனை மாற்று. 20 பல்லுக்குப் பதில் 16 பல் போட்டால், அதே இழுவைக்கு மோட்டார் ஐந்தில் நான்கு பங்கு ஆம்பியர் எடுத்தால் போதும்; சுற்றுக் கம்பியில் சூடு 64 சதவீதமாக இறங்கும். உச்ச வேகம் குறையும், மணலில் அது உனக்குத் தேவையும் இல்லை. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு தாள்துண்டைச் செருகி, மோட்டாரை நெருக்கி ஸ்குரூவை இறுக்கிவிட்டு, தாளை உருவிவிடு. அந்த இடைவெளி போதும்.

அன்புடன்,
மாமா