பழைய பிரிண்டரும் பழுதான போர்ட்டும்

வண்டியில் சரக்கு ஏறிவிட்டது. பில் மட்டும் வரவில்லை. உடனே பிரிண்டர் மேல் பழியைப் போட்டு, புதியது வாங்கக் கிளம்பிவிடுகிறோம். கார்பன் வைத்து ஒரே அடியில் மூன்று பிரதி தரும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை அவ்வளவு எளிதில் கழித்துவிடலாகாது. லேசர், இங்க்ஜெட் பிரிண்டர்களால் அந்த வேலை ஆகாது.

முதலில் சோதித்துப் பார்ப்போம். எப்சன் எல்எக்ஸ் வகையில் 'எல்.எஃப்.' பொத்தானை அழுத்தியபடியே சுவிட்சைப் போட்டால் எழுத்துகள் தாமாக அச்சாகும். அச்சானால் ஹெட்டும் ரிப்பனும் நலம். அடுத்து, அதே கேபிளுடன் வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டுவோம். அங்கே பில் அடித்தால், குறை நம் கம்ப்யூட்டரில்தான்; அதன் 25 துளை போர்ட்டில் இருக்கலாம். பயாஸ் செட்டப்பில் அந்த போர்ட் அணைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

போர்ட் பழுதென்றால் வழி இரண்டு:

1. உள்ளே காலி ஸ்லாட் இருந்தால் பேரலல் போர்ட் கார்டு போடலாம்.

2. யுஎஸ்பி–பேரலல் கேபிள் வாங்கலாம். ஆனால் இது எல்பிடி1 என்ற பெயரில் வராது. பழைய டாஸ் பில்லிங் புரோகிராம் அந்தப் பெயரையே தேடும். விண்டோஸில் பிரிண்டரை 'ஷேர்' செய்து, 'நெட் யூஸ்' கட்டளையால் எல்பிடி1-ஐ அதற்குத் திருப்ப வேண்டும். வாங்குமுன் நம் புரோகிராமில் அடித்துக் காட்டச் சொல்வோம்.

பேரலல் கேபிளை மாட்டும்போதும் கழற்றும்போதும் இரண்டு கருவிகளையும் அணைத்துவிட வேண்டும். போர்ட் கெடுவதற்கு இந்த அவசரமும் ஒரு காரணம். கேபிள் மூன்று மீட்டருக்கு மேல் வேண்டாம்.

எதற்கும் கல்லாவில் ஒரு கைப்பில் புத்தகம் இருக்கட்டும். வண்டி காத்திருக்காது!