நிலத்தை மட்டும் பழிக்கலாமா?

பழவேற்காடு ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கு நண்டில் ஆண் எது, பெண் எது என்று யாரும் பாடம் நடத்துவதில்லை. புரட்டிப் பார்த்தால் போதும். வயிற்று மடல் குறுகி முக்கோணமாக இருந்தால் ஆண். அகன்று வட்டமாக இருந்தால் பெண். ஆண் நண்டின் இணைவுறுப்புகள் அந்த மடலின் அடியில் மறைந்திருப்பதைக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கண்டேன். நண்டைப் பற்றிக் கூசாமல் பேசும் நாம், மனிதனின் இனப்பெருக்க மண்டலம் என்றதும் தலைகுனிந்து சிரிக்கிறோம். அந்தச் சிரிப்புக்கு விலை கொடுத்தவள் என் அக்கா. அவளுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

மீஞ்சூரில் அக்கா வீட்டில் தங்கி, தினமும் ரயிலேறிக் கல்லூரிக்கு வருகிறேன். அவளுக்கு மணமாகி ஆறு ஆண்டுகள், குழந்தை இல்லை. அவள் சுற்றாத கோயில் இல்லை, கட்டாத தொட்டில் இல்லை. வளைகாப்பு வீடுகளில் ஒதுங்கி நிற்பாள். மருத்துவச் சோதனைகள் எல்லாம் அவளுக்கே. மாமாவோ பழவேற்காட்டு மீனை மீஞ்சூருக்குக் கொண்டுவந்து விற்பவர். "ஐஸ் பெட்டி தூக்குற உடம்புடா, எனக்கென்ன கொறை?" என்பார்.

இந்தக் கேள்விக்கு விடையைப் பாடப்புத்தகத்தில் கண்டேன். அதையே இங்கே சொல்ல விழைகிறேன்.

ஆணின் விந்தகங்கள் இரண்டு. அவை வயிற்றுக்குள் இல்லாமல் வெளியே விதைப்பையில் தொங்குவது ஏன்? விந்தணு உருவாக உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவான வெப்பம் தேவை. மார்கழிக் குளிரில் ஏரியில் இறங்கியவர்களுக்குத் தெரியும், விதைப்பை சுருங்கி உடலோடு ஒட்டிக்கொள்ளும். வெயிலில் தளர்ந்து தொங்கும். இயற்கை அமைத்த வெப்பச் சீராக்கி அது!

விந்தகத்தினுள் இருவேறு பணிகள் நடைபெறுகின்றன. நுண்ணிய விந்தாக்கக் குழல்களில், செர்டோலி செல்களின் பராமரிப்பில் விந்தணுக்கள் உருவாகின்றன. குழல்களுக்கு இடையிலுள்ள லீடிக் செல்கள் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனைச் சுரந்து நேரே இரத்தத்தில் கலக்கின்றன. மீசை, கட்டைக்குரல், தசை வலிமை ஆகியவற்றுக்கு இந்த ஹார்மோனே காரணம். ஆகவே ஒருவர் மலைபோல் உடல் படைத்தவராக இருக்கலாம். அவருடைய விந்தணுக்கள் மட்டும் குறைந்திருக்கலாம். ஐஸ் பெட்டி தூக்கும் தோள் இதற்குச் சான்றாகாது.

உருவான விந்தணு உடனே நீந்திவிடாது. ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள, சுருண்டு கிடக்கும் எபிடிடிமிஸ் குழலைக் கடக்கும்போதுதான் முதிர்ச்சியும் நீந்தும் திறனும் பெறுகிறது. பின்னர் விந்து நாளம் வழியே செல்கிறது. விந்துப்பைகள் பிரக்டோஸ் சர்க்கரை கலந்த நீரைத் தருகின்றன. புராஸ்டேட் சுரப்பி தன் பங்கைச் சேர்க்கிறது. விந்துவில் விந்தகத்திலிருந்து வருவது நூற்றில் ஐந்து பங்கு கூட இராது.

இங்கே இன்னோர் அச்சமும் அகல வேண்டும். ஆண்களுக்கான குடும்பநல அறுவையில் விந்து நாளம் மட்டுமே துண்டிக்கப்படுகிறது. ஹார்மோன் இரத்தத்தின் வழியே செல்வதால் ஆண்மையோ வலிமையோ குறைவதில்லை. 1950களின் பிற்பகுதியிலேயே அன்றைய சென்னை மாநிலம் ஊக்கத்தொகை தந்து இந்த அறுவையைப் பரப்பியது. ஆயினும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள்; கணவர் செய்துகொண்டதோ 0.3 விழுக்காடு மட்டுமே. பிள்ளை வேண்டுமென்றாலும் வேண்டாமென்றாலும் பெண்ணே மருத்துவமனைக்குப் போகிறாள்!

குழந்தையில்லாத இணைகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் தரப்பிலும் காரணம் உண்டு. அதை அறிய முதலில் வேண்டியது ஓர் எளிய விந்துப் பரிசோதனை. கத்தியில்லை, வலியில்லை. ஒரு மில்லிலிட்டரில் 1 கோடியே 60 லட்சம் விந்தணுக்கள் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2021இல் கீழ்வரம்பாகக் குறித்தது. இதற்குக் குறைந்தால் குழந்தையே பிறக்காது என்று பொருளில்லை. வாய்ப்புக் குறைவு, அவ்வளவே.

ஒருநாள் இரவு மாமாவின் முன்னே புத்தகப் படத்தை விரித்து இவ்வளவையும் சொன்னேன். கோபித்து எழுந்து போய்விட்டார். பத்து நாள் கழித்துத் தாமே வந்து, "எங்க போகணும்?" என்றார்.

எண்ணிக்கை குறைவு. விதைப்பையின் சிரைகள் புடைத்திருந்தன. ஆண் மலட்டுத்தன்மையில் அடிக்கடி காணப்படுவதும், மருத்துவத்துக்கு இடமுள்ளதுமான நிலை இது. விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாட்கள் ஆவதால், சிகிச்சைக்குப் பிறகு மூன்று மாதம் கழித்தே மறுபரிசோதனை. அந்த நாளுக்காகக் காத்திருக்கிறோம்.

முடிவு எதுவாயினும் ஒன்று நிகழ்ந்துவிட்டது. அக்காவின் மாமியார் இப்போது அவளை ஒரு சொல்லும் சொல்வதில்லை. சென்ற வாரம் ஒரு வளைகாப்புக்கு அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிச்சென்றார்.

விளைச்சல் இல்லையென்றால் உழவன் நிலத்தைப் பார்க்கிறான், விதையையும் பார்க்கிறான். நாம் மட்டும் நிலத்தையே பழிப்பது முறையா? நண்பர்களே, நாம் தேர்வுக்காகப் படிக்கும் இந்தப் பாடத்தை வீட்டுக்கும் கொண்டுசெல்வோம்.