வாங்குவோர் உரிமை

விலை கொடுத்துப் பொருள் வாங்குவோர் யாவரும் நுகர்வோர் ஆவர். உப்பு முதல் ஊர்தி வரை எப்பொருளை வாங்கினும், கொடுத்த விலைக்கு ஏற்ற தரம் அதில் அமைந்திருத்தல் வேண்டும். தரம் குன்றிய பொருளைப் பெற்றவர் என் செய்வது? தம் விதியை நொந்து வாளா இருப்பதா? அன்றி, முறையிட்டு நீதி பெறுவதா? இதனை ஓர் எடுத்துக்காட்டால் அறிதல் எளிது.

சிற்றூர் ஒன்றில் கைம்பெண் ஒருத்தி வாழ்ந்து வந்தாள் எனக் கொள்க. இட்லி மாவு அரைத்து அண்டை வீடுகளுக்கு விற்று, அவ்வருவாயால் தன் மக்கள் இருவரையும் அவள் படிக்க வைத்தாள். ஆட்டுக்கல்லைச் சுழற்றிச் சுழற்றி அவள் கைகள் சோர்ந்தன. ஆதலின், சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு, கிரைண்டர் எனப்படும் மாவரைக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கினாள். "ஓராண்டுக்கு உத்தரவாதம் உண்டு, அம்மா" என்று கூறிய கடைக்காரர், பற்றுச்சீட்டையும் முத்திரையிட்ட உத்தரவாத அட்டையையும் கொடுத்தார். அவள் அவற்றைத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்தாள்.

மூன்றாம் வாரம் ஒரு நாள், இயந்திரத்தின் மோட்டார் மிகச் சூடேறியது. கருகல் நாற்றம் எழுந்தது. கல் சுழலாமல் நின்றது. ஊறிய அரிசியும் உளுந்தும் புளித்து வீணாயின. அவள் கடைக்கு ஓடினாள். "விற்பதோடு எங்கள் வேலை முடிந்தது, பழுது பார்க்கும் நிலையத்தில் சொல்லுங்கள்" என்றார் கடைக்காரர். நிலையத்தாரோ, "நாளை ஆள் வருவார்" என்றனர். நாளை என்பது பத்து நாளாக நீண்டது. பின்னர் வந்த பணியாளர் ஏதோ ஒரு கம்பியை மாற்றிச் சென்றார். மறுநாளே கல் மீண்டும் நின்றது. மறுபடியும் முறையிட்டபோது, "நீங்கள் மாவு விற்கிறீர்கள், இது வாணிகம். வாணிகத்திற்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகார், நீங்கள் எங்கும் முறையிட முடியாது" என்று கூறிக் கையை விரித்தனர். அவள் கண்ணீரோடு வீடு திரும்பினாள்.

அவளுடைய மூத்த மகள் தன் பள்ளியின் நுகர்வோர் மன்றத்தில் உறுப்பினள். "அழாதே அம்மா, அவர்கள் சொன்னது முழு உண்மையன்று" என்று அவள் தேற்றினாள். மறுநாள் தன் ஆசிரியரிடம் கேட்டு, சட்டம் கூறுவதைத் தெளிவாக அறிந்து வந்தாள்.

அச்சட்டத்திற்கு ஒரு வரலாறு உண்டு. 1962ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி, பாதுகாப்பு, செய்தி அறிதல், தேர்ந்தெடுத்தல், முறையீடு கேட்கப்பெறுதல் ஆகிய நான்கு உரிமைகளும் நுகர்வோர்க்கு உண்டு எனத் தம் நாட்டுப் பேரவைக்கு விடுத்த செய்தியில் அறிவித்தார். அந்நாளே உலக நுகர்வோர் உரிமை நாளாகக் கொண்டாடப்படுகிறது. இந்தியாவில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதன் இடத்தில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நடைமுறைக்கு வந்தது.

மறுவிற்பனைக்கோ வாணிகத்திற்கோ பொருள் வாங்குவோரை அச்சட்டம் நுகர்வோராகக் கொள்வதில்லை என்பது மெய்யே. ஆயினும், தாமே உழைத்துத் தம் வாழ்க்கைக்கு வேண்டிய வருவாயை ஈட்டுவதற்காக மட்டும் ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்துவோரை அது விலக்கவில்லை. அவர்களும் நுகர்வோரே எனத் தெளிவாகக் கூறுகிறது. தையல் இயந்திரத்தை நம்பி வாழும் ஏழைக்கும், மாவரைத்து மக்களைக் காக்கும் தாய்க்கும் அச்சட்டம் அரணாக நிற்கிறது.

ஆசிரியர் கூறிய வழியே தாயும் மகளும் நடந்தனர். வாங்கிய நாள், பழுதுற்ற நாட்கள், முறையிட்ட நாட்கள் ஆகியவற்றை வரிசையாக எழுதிக் கடைக்கும் உற்பத்தியாளர்க்கும் விரைவு அஞ்சலில் கடிதம் அனுப்பினர். விடை வரவில்லை. பின்னர், பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, கடிதம் ஆகியவற்றின் படிகளை இணைத்து, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையீடு செய்தனர். வாங்கியவர் தாம் வாழும் மாவட்டத்திலேயே முறையிடலாம். குறை தோன்றிய இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடல் வேண்டும். பொருளின் விலை ஐந்து இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதாயின் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இன்றித் தாமே வாதிடலும் கூடும்.

பொருளின் குறையை ஆய்வுக்கூடத்தில் சோதிக்க வேண்டின், ஆணையம் அதற்கும் ஏற்பாடு செய்யும். சோதனை வேண்டாத வழக்கை மூன்று திங்களிலும், சோதனை வேண்டும் வழக்கை ஐந்து திங்களிலும் முடிக்க முயலல் வேண்டும் என்பது சட்டத்தின் நோக்கம். வழக்குகள் பெருகியவிடத்து இக்காலம் நீள்வதும் உண்டு. குறை மெய்யெனத் தெரியின், பழுதை நீக்கவும், புதிய பொருள் தரவும், விலையைத் திருப்பித் தரவும், இழப்பிற்கு ஈடு செய்யவும் ஆணையம் கட்டளையிடலாம்.

ஆணையத்தின் அறிவிப்புக் கிடைத்ததும், அதுவரை வாய் திறவாதிருந்த உற்பத்தியாளர் சமரசத்திற்கு முன்வந்தனர். புதிய இயந்திரம் வந்தது. வீணான நாட்களுக்கு ஈடாக ஒரு தொகையும் வந்தது. அன்று மாலை அவ்வீட்டில் மீண்டும் மாவு அரைக்கும் ஒலி எழுந்தது.

வணிகரெல்லாம் வஞ்சகர் அல்லர். பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிக அறம் என வள்ளுவர் வகுத்த நெறியில் நிற்போர் பலர் உளர். நுகர்வோர்க்கும் கடமை உண்டு. பொருளின் தர முத்திரையை நோக்கி வாங்குதலும், பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெற்றுப் பேணுதலும், பயன்படுத்தும் முறையைப் படித்து நடத்தலும், பொய்யான முறையீடு செய்யாமையும் அவர்தம் கடமைகளாம். ஐயம் தோன்றின் 1915 என்னும் எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம்.

அத்தாய் பெற்றது ஓர் இயந்திரம் மட்டுமன்று. அவளுக்குப் பின் அக்கடைக்குச் செல்வோரின் முறையீட்டிற்கும் இனிச் செவி சாய்க்கப்படும். ஒருவர் தம் உரிமையைக் கேட்டுப் பெறுதல் ஊரார் அனைவர்க்கும் செய்யும் தொண்டே ஆகும்.