முதுகு வளைந்த சியாக்காப்: குற்றம் மரபணு மீதா, தொட்டி மீதா?

மாணவர்களே, ஜொகூரின் தெப்ராவ் நீரிணையில் மிதக்கும் கூண்டுகளில் வளர்க்கப்படும் சியாக்காப் மீனை அறிவீர்கள். தமிழகத்தில் இதன் பெயர் கொடுவா. முதுகு வளைந்த மீன் சந்தையில் விலைபோகாது. அத்தகைய மீன்கள் கூண்டில் பெருகினால், வளர்ப்பாளர் தாய் மீன்களை மாற்ற வேண்டுமா, குஞ்சுத் தொட்டியைச் சரிசெய்ய வேண்டுமா?

சூழலின் பங்கு

பொரித்த சில நாள்களில் குஞ்சு நீரின் மேல்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கும். அதுவே அதன் காற்றுப்பையை முதன்முதலில் நிரப்புகிறது. நீரின் மேல் எண்ணெய்ப் படலம் படிந்திருந்தால் குஞ்சுக்குக் காற்று எட்டாது. காற்றுப்பை நிரம்பாத குஞ்சு, மூழ்காமலிருக்கத் தலையைத் தூக்கியபடி ஓயாமல் நீந்தும். நாளடைவில் முதுகெலும்பு வளைந்துவிடும். பெற்றோர் எவ்வளவு நல்ல மீன்களாக இருந்தாலும் இது நேரலாம்.

மரபணுவின் பங்கு

உடல் அகலமா, ஒடுக்கமா என்பதை ஒரே மரபணு முடிவுசெய்வதில்லை. பல மரபணுக்கள் சிறிது சிறிதாகப் பங்களிக்கின்றன. ஆகவே, மனிதரின் உயரத்தைப் போல இதுவும் தொடர்ச்சியான மாறுபாடு. சிங்கப்பூரின் தெமாசெக் உயிர் அறிவியல் ஆய்வகத்தினர் பிற நாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து இம்மீனின் மரபணுத்தொகுதியை 2016-இல் வெளியிட்டனர். அதன் 24 இணை குரோமோசோம்களில் இத்தகைய மரபணுக்களைத் தேட அது உதவுகிறது.

இரண்டையும் பிரிப்பது எப்படி?

பல குடும்பங்களின் குஞ்சுகளை ஒரே தொட்டியில் வளர்ப்பார்கள். சூழல் எல்லாவற்றுக்கும் ஒன்றே. பின்னர் துடுப்பின் சிறு துணுக்கிலிருந்து டிஎன்ஏ எடுத்து, எந்த மீன் யாருடைய பிள்ளை என்று கண்டறிவார்கள். உடன்பிறந்தவை மற்றவற்றைவிட ஒன்றையொன்று அதிகம் ஒத்திருந்தால், அங்கே மரபணு வேலை செய்கிறது.

எவ்வளவு என்பதையும் கணக்கிடலாம். ஓர் உதாரணம்: மீன்களின் உடல் உயரம் சராசரியாக நீளத்தில் 30 விழுக்காடு என்க. 34 விழுக்காடு உள்ளவற்றை மட்டும் பெற்றோராகத் தேர்ந்தெடுக்கிறோம். அதே சூழலில் வளர்ந்த பிள்ளைகளின் சராசரி 31.2.

பெற்றோரின் கூடுதல்: 34 − 30 = 4
பிள்ளைகளின் கூடுதல்: 31.2 − 30 = 1.2
மரபுவழித் திறன்: 1.2 ÷ 4 = 0.3

அதாவது, இந்தக் கூட்டத்தில் பெற்றோரின் கூடுதலில் பத்தில் மூன்று பங்கே பிள்ளைகளுக்குச் சென்றது. எனவே, விரும்பிய வடிவத்தைப் பெறப் பல தலைமுறைத் தேர்வு தேவை.

சிந்தியுங்கள்

பிள்ளைகளின் சராசரி 30 ஆகவே இருந்தால் மரபுவழித் திறன் எவ்வளவு? அப்போது வளர்ப்பாளர் பணத்தைத் தாய் மீன்களுக்குச் செலவிடுவது சரியா? காரணத்துடன் எழுதிப் பாருங்கள்.