பழைய கணினியில் விண்டோஸ் 11

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025-இல் முடிந்தது. வீட்டிலுள்ள பழைய கணினியில் விண்டோஸ் 11-ஐ நிறுவ முயன்றால், அது தகுதியற்றது என்ற செய்தி வரலாம். உடனே கணினியைத் தூக்கி எறிய வேண்டாம், மாணவர்களே.

விண்டோஸ் 11 கேட்பவற்றுள் ஒன்று, மறைகுறியீட்டுச் சாவிகளைக் காக்கும் டிபிஎம் 2.0. பல கணினிகளில் அது இருந்தும் அணைந்து கிடக்கும். பயாஸ் அமைப்பில், இன்டெல் என்றால் பிடிடி, ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடுங்கள். அது இல்லாவிட்டாலும் சோதனையைத் தாண்டி நிறுவிவிடுவோர் உண்டு. ஏனெனில் அது விதிதான். ஆனால், அப்படி நிறுவினால் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தொடர்ந்து கிடைக்கும் என்று மைக்ரோசாப்ட் உறுதி தராது.

தாண்டவே முடியாத தடையும் உண்டு. 13-ஐ இரும எண்ணில் எழுதினால் 1101. அதில் மூன்று ஒன்றுகள். இப்படி ஒன்றுகளை எண்ணுவதற்கென்றே புதிய செயலிகளில் 'பாப்கவுன்ட்' என்ற கட்டளை இருக்கிறது. கோர் 2 டுவோவில் இல்லை. 2024-இல் வந்த 24எச்2 பதிப்புக்கு அது கட்டாயம். சின்னக் கணக்குதான், ஆனால் அது இல்லாமல் விண்டோஸ் தொடங்கவே தொடங்காது.

அத்தகைய கணினியில் லினக்ஸ் மின்டை யூஎஸ்பியிலிருந்தே இயக்கிப் பாருங்கள். பிடித்திருந்தால் நிறுவலாம். முதலில் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுங்கள். நிறுவும்போது வட்டு முழுவதும் அழிந்துவிடலாம்.