கண்ணைச் சிமிட்டுங்கள், ஒன்றும் ஆகாது

"ஏனுங்க மாமா, கண்ணைச் சிமிட்டுனா மார்க் கொறஞ்சிருமாமா?"

குடிமங்கலம் பக்கமிருந்து வந்த பொண்ணு கேட்டது இது. எம்.எஸ்சி. முடித்தவள், மறுநாள் வீடியோவில் நேர்காணல். என்னிடம் ஒத்திகை பார்க்க வந்தவள், லேப்டாப் கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி, அதையே முறைத்துக்கொண்டு பேசினாள். இரண்டாவது கேள்விக்குள் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. மூன்றாவதில், நான் என்ன கேட்டேன் என்பதே அவளுக்கு மறந்துபோனது.

இந்த வருஷம் இதே கேள்வியோடு வரும் ஏழாவது ஆள் அவள். கேமராவுக்குப் பின்னால் ஏஐ உட்கார்ந்து இமை, புருவம், உதட்டுச் சுழிப்பு எல்லாவற்றையும் அளந்து, இவன் பொய் சொல்கிறான், இவளுக்குத் தைரியம் போதாது என்று மார்க் போடுகிறதாம். வாட்ஸப்பில் சுற்றும் வீடியோ அப்படிச் சொல்கிறது. அதை நம்பி 'பார்வைப் பயிற்சி'க்குக் காசு கட்டியவர்களும் இருக்கிறார்கள். எனக்கு வருகிற கோபத்துக்கு அளவில்லை.

புரளிக்கு ஒரு வேர் உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஹயர்வ்யூ என்றொரு கம்பெனி, பதிவு செய்து அனுப்பும் வீடியோவில் முகத்தையும் அலசி மதிப்பெண் தரும் மென்பொருளை விற்றது. 2019 நவம்பரில் எபிக் என்ற தனியுரிமை அமைப்பு அந்நாட்டு வர்த்தக ஆணையத்தில் புகார் கொடுத்தது. 2021 ஜனவரியில், முக அலசலை நிறுத்திவிட்டோம் என்று ஹயர்வ்யூவே அறிவித்தது. சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: பேச்சை அலசினால் கிடைப்பதற்கு மேல் முகம் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லையாம். விற்றவனே கைகழுவிய சரக்கை இங்கே இன்னும் பூதமாகக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த மாதமே ஜெர்மனியில் பவேரிய ஒலிபரப்பு நிறுவனத்தின் செய்தியாளர்கள் இதுபோன்ற இன்னொரு மென்பொருளைச் சோதித்த முடிவை வெளியிட்டார்கள். கண்ணாடி போட்டால் ஒரு குணம், தலையில் துணி கட்டினால் வேறு குணம், முதுகுக்குப் பின்னால் புத்தக அலமாரி தெரிந்தால் மற்றொரு குணம் என்று அது மாற்றி மாற்றிச் சொன்னது. இதற்கு நம்மூர்க் கிளி ஜோசியம் தேவலை. கிளி நெல்லோடு திருப்திப்படும். வேலையிடத்தில் முகத்தை வைத்து உணர்ச்சியைக் கணிக்கும் மென்பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி 2 முதல் தடையே செய்துவிட்டது.

அப்புறம் ஏன் இந்தப் பயம் நம் பிள்ளைகளை விடமாட்டேன் என்கிறது? நான் யோசித்தவரை, ஆன்லைன் பரீட்சையையும் நேர்காணலையும் போட்டுக் குழப்புவதால்தான். கொரோனாவுக்குப் பிறகு கேம்பஸ் தேர்வுகள் வீட்டுக்கே வந்தன. அங்கே கண்காணிப்பு மென்பொருள் உண்டு. முகம் திரையைவிட்டு விலகினால், இரண்டாவது முகம் தெரிந்தால், வேறு பக்கம் திறந்தால் எச்சரிக்கை வரும். அது காப்பி அடிப்பதைப் பிடிக்கும் காவல்காரன். குணத்தை எடை போடும் வேலை அதற்கில்லை. ஆளே இல்லாமல் கேள்வி மட்டும் திரையில் வந்து, பதிலைப் பதிவு செய்யச் சொல்லும் நேர்காணல்களும் இப்போது வருகின்றன. அங்கே மென்பொருள் மார்க் போட்டாலும், பெரும்பாலும் எடுத்துக்கொள்வது உங்கள் பேச்சை எழுத்தாக்கி, அதில் உள்ள சொற்களைத்தான்.

எதிர்ப்பக்கம் என்ன நடக்கிறது என்று நான் சொல்கிறேன். கோயம்புத்தூரில் பதினெட்டு வருஷம் ஆள் எடுத்தவன். என் திரையில் உங்கள் முகம் தீப்பெட்டி அளவுதான். பாதி நேரம் நான் உங்கள் பயோடேட்டாவைப் பார்த்துக்கொண்டிருப்பேன், மீதி நேரம் குறிப்பு தட்டிக்கொண்டிருப்பேன். மார்க் போடும் தாளில் கேள்விக்கு ஒரு வரி. ஒன்றிலிருந்து ஐந்து வரை கட்டம். இமைக்கு அதில் கட்டமே கிடையாது. நீங்கள் பொட்டை முறைத்தால் என் கண்ணுக்கு விறைத்த ஆளாகத்தான் தெரிவீர்கள். பேசத் தொடங்கும்போது கேமராவைப் பாருங்கள், கேட்கும்போது திரையைப் பாருங்கள், யோசிக்கும்போது விட்டத்தைக்கூடப் பாருங்கள். மனுஷன் அப்படித்தான் யோசிப்பான்.

முகத்துக்குப் படும் பாட்டில் கால்வாசி குரலுக்குப் பட்டால் தேவலை. 2025-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே பேச்சைத் தெளிவாக ஒருமுறை, மட்டமான மைக்கில் பேசியதுபோலத் தகரச் சத்தமாக இன்னொருமுறை ஒலிக்கவிட்டார்கள். இரண்டிலும் ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. ஆனாலும் தகரக் குரலுக்கு 'வேலைக்கு எடுக்கலாம்' என்ற மதிப்பு குறைந்தது. கம்ப்யூட்டர் குரலை வைத்துச் சோதித்தபோதும் அப்படியே. கேட்டவர்களுக்குத் தாங்கள் பாரபட்சம் காட்டுகிறோம் என்றே தெரிந்திருக்காது. எனக்கும் தெரிந்திருக்காது, எத்தனை பேரை அப்படித் தள்ளினேனோ.

நம் உடுமலைப் பக்கம் இது இரட்டிப்புச் சிக்கல். ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து தகரக் கூரையைத் தடதடக்க வைக்கும். மேலே மின்விசிறி, பக்கத்து அறையில் குக்கர். மொசைக் தரையும் வெறும் சுவரும் சேர்ந்தால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி எதிரொலி. மருந்து எளிது: வாய்க்குப் பக்கத்தில் மைக் வருகிற, வயர் வைத்த இயர்போன். ப்ளூடூத் வேண்டாம், நடுவில் சார்ஜ் போனால் கதை முடிந்தது. மெத்தை, போர்வை, துணி அடுக்கிய அறையாகப் பாருங்கள். முந்தின நாள் அதே அறையில் ஐந்து நிமிஷம் பேசிப் பதிவு செய்து, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

மற்றப் புரளிகள் அவ்வளவு மெனக்கெடத் தக்கவை அல்ல. நூறு எம்பிபிஎஸ் வேண்டும் என்பார்கள். இருவர் பேசும் ஜூம் அழைப்பில் தெளிவான படத்துக்கே 1.2 எம்பிபிஎஸ் போதும், வேகத்தைவிட அறுபடாத லைன்தான் முக்கியம். அமெரிக்க உச்சரிப்பா? தயவுசெய்து வேண்டாம், நிதானமாகப் பேசும் கொங்கு இங்கிலீஷ் எனக்குப் புரியாமல் போனதே இல்லை. கோட்டும் டையும் போட்டு விசிறியை நிறுத்தினால் வியர்வைதான் தெரியும். பக்கத்து போனில் சாட்ஜிபிடியைத் திறந்து வைத்து வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: "அதை நீங்க எப்படிச் செஞ்சீங்க?" என்ற அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

மின்தடை மட்டும் புரளி இல்லை. சுற்றிலும் இத்தனை காற்றாலை சுற்றும் ஊரில், மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட் போகும். முந்தின நாள் பேப்பரில் அறிவிப்பு வரும், பாருங்கள். மோடத்துக்கென்றே விற்கும் சின்ன யூபிஎஸ் இருந்தால் சில மணி நேரம் தாங்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டேன். ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கும் பிள்ளை என்ன செய்யும்? மெத்தை அடுக்கிய அறைக்கு எங்கே போகும்? நான் வருஷக்கணக்காகச் சொல்வது இதுதான்: ஊர் நூலகத்தில் கதவு சாத்தும் அறை ஒன்று ஒதுக்குங்கள். 2024 நவம்பரில் சென்னை கொளத்தூரில் 'முதல்வர் படைப்பகம்' திறந்தார்கள். படிக்கவும் வேலை பார்க்கவும் இடம் தரும் கட்டடம். உடுமலைக்கு அவ்வளவு கேட்கவில்லை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, கெட்டியான திரைச்சீலை, அறுபடாத ஒரு லைன், யாருக்கு எந்த மணி என்று எழுத ஒரு நோட்டு. இதைச் சொன்னால் தலையாட்டுகிறார்கள். அடுத்த தடவை போனால் அந்த மூலையில் பழைய பீரோ நிற்கிறது.

அந்தப் பொண்ணு கடைசியில் அவள் தாத்தாவின் தேங்காய்க் குடோனில் உட்கார்ந்தாள். மூன்று பக்கமும் கொப்பரை மூட்டை. எதிரொலி துளியும் இல்லை. பொட்டைப் பிய்த்து எடுத்துவிட்டாள். எண்ணெய் வாசனைதான் தலைவலி, மற்றபடி பேச்சு நன்றாகப் போனது என்றாள். முடிவு இன்னும் வரவில்லை.